கல்லீரல் கேன்சர்ல மைஆர்-122: உங்க அனுபவம் என்ன?

மைஆர்-122ன்னா கல்லீரல்ல நிறைய இருக்குற ஒரு குட்டி ஆர்.என்.ஏ, மைக்ரோ ஆர்.என்.ஏன்னு சொல்ற வகை. நானே ஆரம்பிக்கிறேன். பிஹெச்டி முதல் வருஷம், கல்லீரல் கேன்சர் செல்லுல மைஆர்-122 எவ்ளோ இருக்குன்னு பாருன்னு சொல்லிட்டு கைடு ஊருக்கு போயிட்டார். லேப்ல ஹெப்-ஜி2ன்னு வளர்க்குற கல்லீரல் கேன்சர் செல் இருந்துச்சு, கல்லீரல் செல்தானேன்னு ஆர்.என்.ஏ எடுத்து பிசிஆர் (காப்பி எடுத்து எடுத்து அளவு பாக்குற டெஸ்ட்) போட்டா 35 சைக்கிள், அதாவது 35 சுத்து தாண்டியும் கர்வ் எழும்பவே இல்ல. பிரைமர் மாத்தினேன், கிட் மாத்தினேன், மூணு வாரம் போச்சு. பக்கத்து லேப் அக்கா வந்து பாத்துட்டு ஒரே சிரிப்பு, "டேய் ஹெப்-ஜி2ல அது கிட்டத்தட்ட கிடையவே கிடையாதுடா, ஹூ-7ன்னு இன்னொரு கல்லீரல் கேன்சர் செல் இருக்கு, அதுல போட்டுப் பாரு"ன்னாங்க. போட்டேன், ஜிவ்வுனு ஏறிடுச்சு.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். வெறும் 22 எழுத்து நீளம், இதுல இருந்து புரோட்டீன் எதுவும் உருவாகாது, புரோட்டீன் செய்ய சொல்ற மெசெஞ்சர் ஆர்.என்.ஏ மேல போய் ஒட்டிக்கிட்டு அதை அடக்கி வைக்கும். நல்ல கல்லீரல்ல இருக்குற மைக்ரோ ஆர்.என்.ஏல சுமார் 70 சதவீதம் இது ஒண்ணுதானாம்! கேன்சர் கட்டியில நிறைய பேருக்கு இது குறைஞ்சு போயிடுது. எலியில இந்த ஜீனை எடுத்துட்டா முதல்ல கொழுப்பு, அப்புறம் தழும்பு, கடைசியில கட்டி, 2012ல ரெண்டு குழு தனித்தனியா காட்டியிருக்காங்க. ஆனா ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகறதுக்கும் இதே ஆள்தான் வேணும். அதனால இதை அடக்குற மிராவிர்சன்னு ஒரு ஊசி மருந்து போட்டுப் பாத்தாங்க, வைரஸ் குறைஞ்சுது, 2013ல ரிசல்ட் வந்துச்சு. எனக்கென்னமோ கட்டியைத் தடுக்குற ஆளையே கட்டிப் போடுறாங்களேன்னு ஒரு உதறல்.

பதில்:
நாங்க ரத்தத்துல பாத்தோம்ங்க. கேன்சர்காரங்க சீரம்ல 122 கூடுதலா இருக்குன்னு குஷியானா, காமாலை வந்தவருக்கும் கூடுது. எந்த காரணத்துக்கு கல்லீரல் செல் உடைஞ்சாலும் உள்ள இருக்கறது வெளிய கொட்டும், அவ்ளோதான். இதுல ஒப்பிட்டுப் பாக்க மைஆர்-16ன்னு இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏவை வேற வெச்சிருந்தோம், அது சிவப்பணுல நிறைய இருக்கு, டியூப்ல சிவப்பணு உடைஞ்சிருந்தா மொத்த கணக்கும் போச்சு. பாதி சாம்பிளை தூக்கிப் போட்டோம், வயிறு எரிஞ்சுது.

பதில்:
நான் லேப் ஆள் இல்ல, அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி சுருங்கிப் போறது). நெட்ல மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்துன்னு படிச்சுட்டு டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் பொறுமையா சொன்னார், மைஆர்-34ஏன்னு கட்டியைத் தடுக்குற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ மாதிரியே செஞ்ச ஒரு கேன்சர் மருந்தை 2013ல மனுஷங்களுக்கு போட ஆரம்பிச்சு, எதிர்ப்பு சக்தி தாறுமாறா கிளம்பி 4 பேர் இறந்து, 2016ல நிறுத்திட்டாங்கன்னு. "இப்போதைக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும் (கல்லீரல் கேன்சருக்கு பாக்குற ரத்த டெஸ்ட்) விடாம பாருங்க தம்பி"ன்னார். அப்பா போன தடவை ஸ்கேனுக்கு வர மாட்டேன்னு அடம், பிரியாணி வாங்கித் தரேன்னு சொல்லி கூட்டிட்டு போனேன்.