பண்பேற்றக் காரணியா, ஏற்ற இறக்கக் காரணியா?

ஐயா, வணக்கம்.

எக்ஸ் கதிரின் தளவிளைவை, அதாவது அதன் மின்புலம் ஒரே திசையில் அதிர்வதை, அளக்கும் வளிம உணரிகளுக்காக நீங்கள் தொகுத்த சொற்பட்டியலைப் படித்தேன். போலரைசேஷனுக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள தளவிளைவையே வைத்துக்கொண்டது நல்லது. மாடுலேஷன் ஃபேக்டருக்கு 'பண்பேற்றக் காரணி' என்று போட்டிருக்கிறீர்களே, அதில்தான் என் மனம் ஒப்பவில்லை.

பண்பேற்றம் வானொலிக்கு அருமையான சொல். ஊர்தி அலைமேல் குரலை ஏற்றுகிறோம். இந்த உணரியிலோ எதுவும் எதன்மேலும் ஏறுவதில்லை.

எக்ஸ் கதிரின் தளவிளைவை அளக்க 2021 டிசம்பரில் விண்ணுக்குப் போன ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோளைப் பாருங்கள். நாசாவும் இத்தாலிய விண்வெளி முகமையும் சேர்ந்து செய்தது. அதன் உணரிக்குள் இருப்பது டைமெத்தில் ஈதர் வளிமம். உள்ளே வரும் எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிகிறது. கதிரின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறதோ, அந்தப் பக்கமாகவே எலக்ட்ரான்கள் அதிகம் கிளம்பும். போகிற வழியெல்லாம் வளிமத்தை அயனியாக்கி ஒரு சிறு தடம் விட்டுச் செல்லும். நமக்கு வேண்டிய திசை அந்தத் தடத்தின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. போகப் போக எலக்ட்ரான் அணுக்களில் மோதித் திசை மாறிவிடும். மின்னூட்டம் அதிகம் குவிவதோ அந்தக் கடைசிப் பகுதியில்! இதைப் பிரித்தறிவதில்தான் இந்த உணரியின் அருமையே இருக்கிறது.

சரி, ஆயிரக்கணக்கான தடங்களின் கோணங்களை எண்ணி வரைந்தால் கோடு ஏறி இறங்கும். தளவிளைவு இல்லாத கதிருக்குத் தட்டையாகக் கிடக்கும். முழுத் தளவிளைவுள்ள கதிரைச் செலுத்தி, உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே இந்தக் காரணி. அதனால் 'ஏற்ற இறக்கக் காரணி' என்கிறேன். விலைவாசியின் ஏற்ற இறக்கம் என்று நாளும் சொல்கிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'ஏற்றத்தாழ்வு' வேண்டாம், சமூகப் பொருள் முந்திக்கொள்ளும்.

நண்பர் ஒருவர் சொன்ன 'தடச்சாய்வுக் காரணி' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இதே வேலைக்காக ஏவிய இந்தியச் செயற்கைக்கோளான எக்ஸ்போசாட்டில் அந்தச் சொல் நிற்காது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் அதற்குச் செய்த போலிக்ஸ் கருவியில், பெரிலியத்தில் பட்டுச் சிதறும் கதிர்களை, அதைச் சுற்றியுள்ள வளிம எண்ணிகள் எண்ணுகின்றன. அங்கே எலக்ட்ரான் தடத்தைப் படமெடுப்பதில்லை, எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் மட்டும் அப்படியே உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.

ஏறி இறங்கும் அந்தக் கோட்டின் பெயரையும் 'ஏற்ற இறக்க வரைகோடு' என்று மாற்றிவிடலாமா, ஐயா?

அன்புடன்.