செண்டுமல்லிக் கழிவில் தோல் மாற்று: பிசுபிசுப்பு போக என்ன செய்யலாம்?

வணக்கம். கோயில் மாலைக் கழிவைத் தோலுக்கு மாற்றாக்கும் முயற்சியில் ஓரிடத்தில் நிற்கிறோம். கான்பூரில் பூக்கழிவிலிருந்து செய்யும் 'ஃப்ளெதர்' என்ற தோல் மாற்றின் வழி இல்லை இது. கொம்புச்சாவில் (சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த தேநீர்) பாக்டீரியா உண்டாக்கி மேலே மிதக்கும் செல்லுலோஸ் ஏடுதான் அடிப்படை.

நார், ஜரிகை, காம்பு எல்லாம் எடுத்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் இதழைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுகிறோம். அதில் 80 கிராம் சர்க்கரை, 5 கிராம் தேயிலை. நன்றாக ஆறியபின் முந்தைய முறை புளித்த கொம்புச்சா நீர் 150 மில்லி, அதில் வளர்ந்த ஏட்டில் ஒரு துண்டு (தாய் ஏடு). சூடாக ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும். அகலத் தட்டில், பருத்தித் துணி மூடி, 28–30 டிகிரியில் 14 நாள். தட்டை அசைத்தால் ஏடு அடுக்கடுக்காகப் பிரியும். இதழை 100 கிராமாகக் கூட்டினால் ஏடு மெலிகிறது; செண்டுமல்லியில் இயல்பாகவே கிருமியைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, அதனால்தான் என்று நினைக்கிறோம். மிஞ்சும் சக்கையை அரைத்து, இரண்டு ஈர ஏடுகளுக்கு நடுவே தடவி அழுத்துகிறோம்.

சிக்கல் உலர்த்தும்போதுதான். ஏட்டில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 8 மில்லிமீட்டர் கனம் காகிதமாகச் சுருங்கி, மடித்த இடத்தில் 'படக்'கென்று வெடிக்கிறது. 10 சதவீத கிளிசரின் கரைசலில் ஊறவைத்தால் குழைவாக இருக்கிறது. ஆனால் கிளிசரின் ஈரத்தை இழுப்பதால் மழை நாளில் விரலில் ஒட்டுகிறது, பூஞ்சையும் பிடிக்கிறது.

தேன்மெழுகும் ஆமணக்கெண்ணெயும் கலந்து பூசியவர்கள் இருந்தால், விகிதமும் பூசும் சூடும் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பூச்சு வேண்டாம், மக்க வேண்டும். சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிறு மாதிரிக்கு மடிப்புச் சோதனை செய்து வாங்கியவர்கள், எந்த அளவில் வெட்டிக் கொடுத்தீர்கள்?