ஃப்ளாட் ரேட் திட்டத்தில் இருந்துகொண்டு கமராவுக்குக் கட்டிய வற் வரியை மீளப் பெறலாமா?

ஹரோ ஒளிப்படம் கேட்கின்றார்:

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில் திருமணம், பூப்புனித நீராட்டு விழா, அரங்கேற்றம் போன்ற நிகழ்வுகளைப் படம்பிடிக்கும் தொழிலைத் தனியாளாக நடத்தி வருகின்றேன். காணொளியும் எடுப்பதுண்டு. எனினும் வருமானத்தின் பெரும்பகுதி ஒளிப்படத்தால் வருவதால், மொத்த வரவில் ஒரு நிலையான சதவீதத்தை மட்டும் வற் வரியாகக் (VAT) கட்டும் ஃப்ளாட் ரேட் திட்டத்தில் ஒளிப்படத் தொழிலுக்கான 11 சதவீதத்தின்படியே கணக்குக் கொடுத்து வருகின்றேன். வற் பதிவு செய்து நான்கு ஆண்டுகளாகின்றன.

இந்தக் காலாண்டில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே இன்வாய்ஸில் கமரா உடல் 1,800 பவுண், லென்ஸ் 1,080 பவுண், முக்காலி 240 பவுண் என மொத்தம் 3,120 பவுணுக்கு வாங்கினேன். இதில் வற் வரி மட்டும் 520 பவுண். பழைய கமராவை அதே கடையில் 900 பவுணுக்குக் கொடுத்துக் கழித்துக்கொண்டதால், கையிலிருந்து கட்டியது 2,220 பவுண். ஒன்பது நாள் கழித்து அதே கடையில் 1,680 பவுணுக்கு ஒரு மடிக்கணினியும் வாங்கினேன். இவை தவிர, படத் திருத்த மென்பொருளுக்கு மாதச் சந்தா செலுத்துகின்றேன். இரண்டு நிகழ்வுகளுக்கு விளக்குகளை வாடகைக்கு எடுத்தேன்.

ஃப்ளாட் ரேட்டில் இருப்பவர் எந்தக் கொள்வனவுக்கும் வற் வரியைத் திரும்பக் கேட்க முடியாது என்று இப்போதைய கணக்காளர் உறுதியாகக் கூறுகின்றார். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இப்போது கொடுத்துவிட்ட அந்தப் பழைய கமராவை வாங்கியபோது, அன்றைய கணக்காளர் அதன் வரியை வற் கணக்குப் படிவத்தில் மீளக் கேட்கும் வரிக்கான 4ஆம் பெட்டியில் சேர்த்து மீளப் பெற்றுத் தந்தார். இருவரில் யார் சொல்வது சரி? கணினிக்கும் கேட்கலாமா? கணக்கை அனுப்ப இன்னும் பத்து நாட்கள்தான் உள்ளன. தவறாகக் கேட்டு அபராதத்தில் மாட்டவும் விருப்பமில்லை. உரிமையுள்ள 520 பவுணை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

கணக்கேடு பதிலளிக்கின்றார்:

வணக்கம் தம்பி. பதினான்கு ஆண்டுகளாகச் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதி வருகின்றேன். இந்தக் கேள்வி ஆண்டுதோறும் யாராவது ஒருவரிடமிருந்து வரும். உங்கள் பழைய கணக்காளர் செய்ததே சரி.

பொது விதி என்னவோ இப்போதைய கணக்காளர் சொல்வதுதான். வாடிக்கையாளரிடம் 20 சதவீதம் வாங்கி, வரியும் சேர்ந்த மொத்த வரவில் 11 சதவீதத்தை மட்டும் செலுத்துகின்றீர்கள். சாதாரணக் கொள்வனவுகளில் நீங்கள் கட்டும் வரிக்கான இடம் அந்தக் குறைந்த விகிதத்துக்குள்ளேயே விடப்பட்டிருக்கின்றது. ஆகவே அவற்றுக்குத் தனியாகக் கேட்க முடியாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. வற் வரியோடு சேர்த்து 2,000 பவுண் அல்லது அதற்கு மேற்பட்ட விலையில், ஒரே கொள்வனவாக மூலதனப் பொருட்களை, அதாவது தொழிலில் நீண்டகாலம் பயன்படுத்தும் கருவிகள் போன்றவற்றை, வாங்கினால், அந்த வரியை வழக்கம்போல் மீளப் பெறலாம். வரித் திணைக்களத்தின் வற் அறிவிப்பு 733 இதைத் தெளிவாகவே கூறுகின்றது.

இதில் பலர் சறுக்கும் இடம், 2,000 பவுண் என்பது ஒரு பொருளின் விலை என்று எண்ணிக்கொள்வதுதான். எண்ணப்படுவது பொருளன்று, கொள்வனவு. உங்கள் கமரா, லென்ஸ், முக்காலி ஆகிய எதுவும் தனியே 2,000 பவுணை எட்டவில்லை. ஆயினும் ஒரே விற்பனையாளரிடம் ஒரே நேரத்தில் வாங்கப்பட்டதால் மூன்றும் சேர்ந்து 3,120 பவுண் பெறுமதியான ஒரே கொள்வனவாகின்றன. பழைய கமராவைக் கொடுத்ததால் நீங்கள் கட்டிய பணம் குறைந்ததேயன்றிக் கொள்வனவின் விலை குறையவில்லை. எனவே 520 பவுணையும் முழுமையாகக் கேளுங்கள்.

மடிக்கணினி வேறு நாளில் நடந்த வேறு கொள்வனவு. கடை ஒன்றே என்பதால் இரண்டையும் ஒட்ட முடியாது. அது தனியே 1,680 பவுணில் நின்றுவிடுவதால் அதன் 280 பவுண் வரி போனதுதான். அன்றைக்கே அதையும் சேர்த்து வாங்கியிருந்தால் மொத்தம் 4,800 பவுணாகி, 800 பவுண் வரி முழுவதும் கிடைத்திருக்கும். தேவையானவற்றைத் திட்டமிட்டு ஒன்றாக வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. அடுத்த முறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை விளக்குகளும் மென்பொருள் சந்தாவும் சேவைகள். சேவை எத்தனை ஆயிரம் பவுணாக இருந்தாலும் இந்த விலக்குக்குள் வராது.

மிச்சம் வீடியோ பதிலளிக்கின்றார்:

கணக்கேடு ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 520 பவுணைப் பற்றி மகிழ்வதற்கு முன், ஹரோ அண்ணா இன்னொன்றைப் பார்த்தாக வேண்டும். சென்ற ஆண்டு எனக்கே நேர்ந்ததால் எழுதுகின்றேன்.

2017 ஏப்ரல் 1 முதல், பொருட்களுக்கு மிகக் குறைவாகச் செலவிடும் தொழில்களை 'லிமிட்டெட் கொஸ்ட் ட்ரேடர்' என்று தனியாகப் பிரித்து, அவர்களுக்கு எந்தத் தொழிலாயினும் 16.5 சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு காலாண்டில் நீங்கள் பொருட்களுக்குச் செலவிட்ட தொகை, வரியும் சேர்ந்த மொத்த வரவில் 2 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, 2 சதவீதத்தைத் தாண்டியும் ஆண்டுக்கு 1,000 பவுண், அதாவது காலாண்டுக்கு 250 பவுண் என்ற அளவை எட்டாவிட்டாலோ அந்தக் காலாண்டுக்கு நீங்கள் அந்த வகைக்குள் விழுவீர்கள். ஒவ்வொரு கணக்கின்போதும் இதைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

சென்ற கோடையில் பெரிய கமரா ஒன்றை வாங்கியதால், பொருட்களுக்குத் தாராளமாகச் செலவிட்டுவிட்டேன் என்ற நம்பிக்கையில் இந்தக் கணக்கைப் பார்க்காமலே விட்டுவிட்டேன். மூலதனப் பொருட்கள் அந்த 2 சதவீதத்தில் சேரவே மாட்டா என்பது எனக்கு அப்போது தெரியாது. 4ஆம் பெட்டியில் வரியை மீட்டுத் தரும் அதே கமரா, இந்தச் சோதனையில் வாங்கப்படாத பொருளாகவே கருதப்படும். சேவைகள் சேரா, உங்களுக்கும் உதவியாளருக்குமான உணவு சேராது, நாம் நிகழ்வுகளுக்கு ஓடும் காரின் எரிபொருளும் சேராது. பிழையை அடுத்த கணக்கில் திருத்தி, வித்தியாசத்தைக் கட்டிய மாதம் மிகவும் கடினமாக இருந்தது. உங்கள் காலாண்டு வரவு எவ்வளவு, பொருட்களுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று சொல்ல முடியுமா?

ஹரோ ஒளிப்படம் எழுதுகின்றார்:

இருவருக்கும் மிக்க நன்றி. மிச்சம் தம்பி கேட்டதும் கணக்கை எடுத்துப் பார்த்தேன், மனம் சோர்ந்துவிட்டது. கமராவைக் கழித்துக் கொடுத்த தொகை தவிர, வரியும் சேர்த்து இந்தக் காலாண்டின் வரவு 30,000 பவுண். அதில் 2 சதவீதம் 600 பவுண். நான் வாங்கிய அச்சுத் தாள், மை, உறைகள், அலுவலகத் தாள்கள் எல்லாம் சேர்ந்து 480 பவுண்தான்.

11 சதவீதமாயின் 3,300 பவுண் கட்டுவேன். 16.5 சதவீதமாயின் 4,950 பவுண். 520 பவுணைத் திரும்பப் பெறுவதற்காகக் கேள்வி கேட்க வந்து, 1,650 பவுண் கூடுதலாகக் கட்ட வேண்டிய இடத்தில் நிற்கின்றேன். காலாண்டு முடிந்துவிட்டதால் இனி எதையும் வாங்கிச் சேர்க்கவும் முடியாது.

லெஸ்டர் அச்சகம் பதிலளிக்கின்றார்:

அவசரப்பட்டு 16.5 சதவீதத்துக்குப் போக வேண்டாம். உங்களுக்குத் தனி ஸ்டூடியோ உள்ளதா, வீட்டிலிருந்து வேலை செய்கின்றீர்களா? ஸ்டூடியோ இருந்தால் அதன் மின்கட்டணத்தை எண்ணினீர்களா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு மட்டுமே பயன்படும் மின்சாரமும் எரிவாயுவும் இந்தச் சோதனையில் பொருட்களாகவே எண்ணப்படும். திணைக்களத்தின் அறிவிப்பே அவற்றை உதாரணமாகக் காட்டுகின்றது. மின்கட்டணத்தை வாடகை, தொலைபேசி ஆகியவற்றோடு ஒரே வரியில் எழுதிவைக்கும் வழக்கத்தால் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. தொழிலிடத்தைச் சுத்தம் செய்ய வாங்கும் பொருட்களையும் சேர்க்கலாம். ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் ஒரு பங்கைத் தொழிலுக்கென்று பிரித்து எழுதியிருந்தால் அது உதவாது. 'தொழிலுக்கு மட்டுமே' என்ற சொல்லை அவர்கள் அப்படியே பொருள்கொள்கின்றார்கள்.

ஹரோ ஒளிப்படம் எழுதுகின்றார்:

வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், தனி மீட்டரோடு ஒரு சிறிய ஸ்டூடியோ வாடகைக்கு வைத்திருக்கின்றேன். மின்கட்டணம் என் தொழிலின் பெயரிலேயே வருகின்றது. இந்தக் காலாண்டுக்கான கட்டணம் 165 பவுண். அதைச் சேர்த்தால் 645 பவுண் ஆகின்றது. அப்படியானால் 600 பவுணைத் தாண்டிவிட்டேன் அல்லவா? கணக்காளரிடம் காட்டுவதற்கு முன் உங்களிடம் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகின்றேன்.

கணக்கேடு பதிலளிக்கின்றார்:

தாண்டிவிட்டீர்கள். 11 சதவீதமே உங்களுக்குப் பொருந்தும். முதலில் எழுதியபோது இந்தச் சோதனையை நானே குறிப்பிட்டிருக்க வேண்டும். மிச்சம் வீடியோ எடுத்துச் சொன்னது நல்லதாயிற்று. உங்களுக்கும் எல்லைக்கும் இடையே இருப்பது 45 பவுண்தான் என்பதால், மின்கட்டண ரசீதையும் தாள், மை ரசீதுகளையும் இந்தக் காலாண்டுக்கென ஒரு கோப்பில் வையுங்கள். கேட்டால் ஒரே தடவையில் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இனிப் பழைய கமராவுக்கு வருகின்றேன். யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அதில் ஒரு கடன் ஒளிந்திருக்கின்றது. அந்தக் கமராவை வாங்கியபோது வரியை மீளப் பெற்றிருக்கின்றீர்கள். அப்படி வரி மீளப் பெற்ற மூலதனப் பொருளை விற்கும்போது, அந்த விற்பனை ஃப்ளாட் ரேட் கணக்குக்கு வெளியே நின்று, முழு 20 சதவீத வரிக்கு உட்படும். கடைக்குக் கொடுத்துக் கழித்துக்கொண்டதும் விற்பனையே. 900 பவுணை வரி சேர்ந்த விலையாகக் கொண்டால், அதில் ஆறில் ஒரு பங்கான 150 பவுணை, கட்ட வேண்டிய வரிக்கான 1ஆம் பெட்டியில் சேர்க்க வேண்டும். வரவோடு சேர்த்து 11 சதவீதமாக 99 பவுண் கட்டினால் போதும் என்று பலர் செய்துவிடுகின்றார்கள், அது பிழை. அந்தக் கமராவுக்கு நீங்கள் அன்று வரியை மீளப் பெறாமல் இருந்திருந்தால்தான் அந்த 900 பவுண் ஃப்ளாட் ரேட் வரவோடு சேரும்.

ஆகவே உங்கள் கணக்கு இப்படி அமையும்: 30,000 பவுண் வரவுக்கு 11 சதவீதமாக 3,300 பவுண், அதோடு பழைய கமராவுக்கு 150 பவுண், இவை சேர்ந்து 1ஆம் பெட்டியில் 3,450 பவுண். 4ஆம் பெட்டியில் 520 பவுண். கட்ட வேண்டியது 2,930 பவுண். கொள்வனவுகளின் பெறுமதிக்கான 7ஆம் பெட்டியில், வரி நீங்கலாகப் புதிய உபகரணங்களின் விலையான 2,600 பவுணை மட்டும் எழுத வேண்டும். தாள், மை, கணினி எவையும் அங்கே வரா. உங்கள் கணக்கு மென்பொருள் ஃப்ளாட் ரேட் அமைப்பில் இருந்தால், கொள்வனவை மூலதனப் பொருள் என்று குறித்தால் மட்டுமே அது 4ஆம் பெட்டிக்குப் போகும். சாதாரணச் செலவாகப் பதிந்தால் வரி பேசாமல் மறைந்துவிடும். அனுப்புவதற்கு முன் பெட்டிகளைக் கண்ணால் சரிபாருங்கள்.

மிச்சம் வீடியோ எழுதுகின்றார்:

ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம். ஒவ்வொரு காலாண்டும் 2 சதவீதத்தை எட்டுவேனா என்று பயந்துகொண்டிருப்பதைவிட, திட்டத்தை விட்டு வழமையான வற் முறைக்குப் போவது நல்லதா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே இன்வாய்ஸில் 2,400 பவுணுக்கு வாங்கிய விளக்குத் தொகுதிக்கும் அப்போது வரியை மீளக் கேட்கவில்லை. அதை இப்போது கேட்கலாமா?

கணக்கேடு பதிலளிக்கின்றார்:

விளக்குகளுக்கான 400 பவுணைக் கேட்கலாம். நான்கு ஆண்டுக் கால எல்லை இன்னும் கடக்கவில்லை. முந்தைய கணக்குகளில் நேர்ந்த பிழைகளின் நிகரத் தொகை 10,000 பவுணுக்கு மேற்படாததால் அடுத்த கணக்கிலேயே திருத்திக்கொள்ளலாம். இன்வாய்ஸ் உங்கள் தொழிலின் பெயரில் இருக்கின்றதா என்று மட்டும் பாருங்கள். பழைய பொருளாக வாங்கி, வரியைத் தனியே காட்டாத இன்வாய்ஸாக இருந்தால், மீளப் பெற எதுவும் இல்லை.

திட்டத்தை விடுவது பற்றி: 16.5 சதவீதத்தில் தொடர்ந்து இருப்பவருக்கு இந்தத் திட்டத்தால் பணப் பயன் ஏறக்குறைய இல்லை. 100 பவுண் வேலைக்கு 20 பவுண் வரி வாங்கினால், 120 பவுணில் 16.5 சதவீதமாக 19 பவுண் 80 பென்ஸைக் கட்டிவிடுகின்றார். கொள்வனவுகளின் வரி அனைத்துக்கும் ஈடாகக் கையில் மிஞ்சுவது 20 பென்ஸ். வழமையான முறையில் அவர் மென்பொருள், வாடகை உபகரணம், மடிக்கணினி என எல்லாவற்றின் வரியையும் கேட்க முடியும். நீங்கள் ஆண்டில் இரண்டு காலாண்டுகளுக்கு மேல் அந்த விகிதத்தில் விழுகின்றீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். காலாண்டின் முடிவில் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து வெளியேறலாம். பின்னர் 12 மாதங்களுக்குத் திரும்பச் சேர முடியாது. அந்த 12 மாதங்களில் வாங்க நினைத்திருப்பவற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டு நாளைத் தெரிவு செய்யுங்கள்.

ஹரோ ஒளிப்படம் எழுதுகின்றார்:

கணக்காளரிடம் அறிவிப்பு 733ஐயும் மின்கட்டண ரசீதையும் காட்டினேன். பொறுமையாக வாசித்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். 2,930 பவுண் என்றே கணக்கை அனுப்பியாயிற்று. தை மாதத்தில் வாங்க நினைத்திருந்த இரண்டாவது லென்ஸையும் விளக்குகளையும் ஒரே கடையில் ஒரே இன்வாய்ஸில் எடுக்கப் போகின்றேன். அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.