கலோரி 420 மிச்சம், புரதம் 45 கிராம் பாக்கி: ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது?

புதுக்கணக்கு:
மூன்று வாரமாக ஆப்பில் கணக்கு எழுதிச் சாப்பிடுகிறேன். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரே கதைதான். இன்று மிச்சம் கலோரி 420, புரதம் 45 கிராம், மாவுச்சத்து 30, கொழுப்பு 8. நேற்றும் கிட்டத்தட்ட இதே நிலைமை. வேர்க்கடலையில் புரதம் அதிகமாயிற்றே என்று 50 கிராம் கொறித்தேன். பதிந்து பார்த்தால் 280 கலோரி காலி, கிடைத்த புரதம் வெறும் 13 கிராம். கொழுப்பு 24 கிராம் ஏறி, கட்டம் சிவப்பாகிவிட்டது. முட்டை சாப்பிடுவேன், இறைச்சியும் மீனும் வேண்டாம். புரத மாவு கைவசம் இல்லை. பசியோடு கேட்கிறேன், வழி சொல்லுங்கள்.

தராசுத்தட்டு:
கடலையைக் கொழுப்புக் கணக்கில் வையுங்கள், அதிலுள்ள புரதம் இனாம். பொட்டலத்தைப் பார்க்கும்போது நான் போடும் கணக்கு இது: புரத கிராமைப் பத்தால் பெருக்குவேன். விடை கலோரியைத் தாண்டினால் அது இரவு நேரத்துக்கு ஆகும். முழு முட்டையே இதில் தேறாது (புரதம் 6.3, கலோரி 72). வெள்ளைக்கரு சுலபமாகத் தேறும் (3.6, 17).

உங்களுக்கு இன்றைக்கு இப்படி: முழு முட்டை ஒன்று, வெள்ளைக்கரு நான்கு, கொழுப்பு நீக்கி வடிகட்டிய கெட்டித் தயிர் 200 கிராம், தோல் உரித்த வாழைப்பழம் 100 கிராம். மொத்தம் சுமார் 347 கலோரி, புரதம் 42, மாவுச்சத்து 32, கொழுப்பு 6. மூன்று கிராம் புரதம் குறைந்தால் குறையட்டும், அதற்காக இன்னொரு தடவை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். முட்டையை அவித்துவிடுங்கள். பொரிக்கப் போய் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் 40 கலோரி, நாலரை கிராம் கொழுப்பு. அதோடு உங்கள் 8 தாண்டிவிடும். தயிரும் வடிகட்டியதாகவே இருக்கட்டும். சாதாரணத் தயிரில் புரதம் இதில் மூன்றில் ஒரு பங்குதான்.

அரைக்கிராம்:
மேலே சொன்னது சரி. ஆனால் தினமும் இரவில் இப்படி மாட்டிக்கொள்கிறீர்கள் என்றால் தப்பு பகலில் இருக்கிறது. தவிர உங்கள் எண்களே ஒத்துப்போகவில்லை. 45-ஐயும் 30-ஐயும் நான்காலும், 8-ஐ ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் 372 வருகிறது, ஆப் 420 என்கிறது. இன்று பதிந்ததை அப்படியே போடுங்களேன்.

புதுக்கணக்கு:
காலை ஓட்ஸ் 60 கிராம், பால் ஒரு டம்ளர். மதியம் சோறு 150 கிராம், 548 கலோரி, பருப்பு, காய். மாலை பிஸ்கட் நான்கு (ஆமாம், தெரியும்).

அரைக்கிராம்:
பிஸ்கட்டை விடுங்கள். அந்தச் சோறு, தட்டில் போட்ட பிறகு எடை பார்த்ததா?

புதுக்கணக்கு:
ஆமாம், வெந்த சோறுதான்.

அரைக்கிராம்:
அப்படியென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்தது பச்சை அரிசியின் பதிவு, வேகாத அரிசிக்கு உரியது. 100 கிராம் வேகாத அரிசி சுமார் 365 கலோரி. வெந்தால் தண்ணீர் குடித்து எடை கூடுவதால் 100 கிராம் சோற்றுக்கு 130 தான். உங்கள் 150 கிராமுக்கு 195 வர வேண்டும். சாப்பிடாத 350 கலோரியைத் தினமும் எழுதி வைத்திருக்கிறீர்கள்! அந்த 48 கலோரி வித்தியாசம் பொட்டலத்து எண்களை முழு எண்ணாக்குவதால் வருவது, பெரிய விஷயமில்லை. அதைத் தேடப் போய் இது சிக்கியது.

தராசுத்தட்டு:
நல்லவேளை கேட்டீர்கள். நான் மெனு போடத்தான் ஓடினேன், மதியத்தைப் பார்க்கவில்லை. பருப்பையும் ஒரு தடவை பாருங்கள், அதிலும் இதே குழப்பம் வரும்.

புதுக்கணக்கு:
பார்த்தேன். பருப்பு சரி, சோறுதான். முதல் நாள் தேர்ந்தெடுத்த பதிவு ‘அடிக்கடி சாப்பிடுபவை’ பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொண்டது, தினமும் அதையே தட்டியிருக்கிறேன். திருத்தினால் மிச்சம் சுமார் 770 கலோரி, மாவுச்சத்து 108. வேடிக்கை என்னவென்றால், அரிசியின் புரதமும் சேர்ந்து குறைந்ததால் அந்தப் பாக்கி 45-லிருந்து 52 ஆகிவிட்டது. இப்போது முட்டை வேகிறது, தயிர் வெளியே எடுத்தாயிற்று, பழம் இரண்டு. மீதியிருந்த மதியச் சோற்றையும் இந்தத் தடவை சரியான பதிவில் எழுதிவிட்டே சாப்பிடப் போகிறேன். நாளையிலிருந்து காலை ஓட்ஸோடு முட்டை இரண்டு.