பார்பா டெல் புவெர்கோ பாலச் சண்டையை மேசையில் ஆடிய அனுபவம்

பிரெஞ்சுத் தரப்பில் ஆடியவர்:

நெப்போலியன் காலச் சண்டைகளை மினியேச்சர் பொம்மைகளைக் கொண்டு ஆடும் எங்கள் சிறு வட்டத்தில், கடந்த மாதம் பார்பா டெல் புவெர்கோ சண்டையை எடுத்துக்கொண்டோம். 1810 மார்ச் 19ஆம் தேதி இரவு, ஸ்பெயினின் மேற்கு எல்லையில் ஓடும் ஆகெதா ஆற்றின் கல்பாலத்தை, பிரெஞ்சு ஜெனரல் ஃபெரே தேர்ந்தெடுத்த சுமார் 600 கிரெனடியர்கள் (பொறுக்கியெடுத்த காலாட்படையினர்) ஓசையின்றிக் கடந்தார்கள். மறுகரை மேட்டில் காவலிருந்த பிரிட்டிஷ் 95ஆம் ரைஃபிள் பிரிவின் ஒரு கம்பெனியின், அதாவது சிறு படைக்குழுவின், மேல் பாய்ந்தார்கள். அந்தக் கம்பெனிக்குத் தலைவர் கேப்டன் ஓ'ஹேர். சற்றுப் பின்னே, ஊருக்குள், லெப்டினன்ட் கர்னல் சிட்னி பெக்வித் மற்ற கம்பெனிகளுடன் உறங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்டர்லிட்ஸ், வாட்டர்லூ போன்ற பெரும்போர்களை ஆடியவர்களுக்கு இது சின்னஞ்சிறு சண்டையாகத் தோன்றலாம். ஆனால் இதைவிட மேசைக்குப் பொருந்தும் சண்டையை நான் ஆடியதில்லை. பெரும்போரில் ஒரு பொம்மை ஐம்பது பேருக்கு ஈடாக நிற்கும். இங்கே ஐந்து பேருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டதால், 600 பேருக்கு 120 பொம்மைகளை நான் பாலத்தின் வழியாக நடத்திச் செல்ல வேண்டியிருந்தது. தெர்மாகோல் தகடுகளை அடுக்கிச் செதுக்கிய பள்ளத்தாக்கு. இரு கரைகளிலும் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைப் பாதை. இரண்டு பொம்மைகள் மட்டுமே அருகருகே நிற்கக்கூடிய பாலம். எண்ணிக்கையில் எனக்கு இருந்த மேன்மை முழுவதையும் அந்தப் பாலம் விழுங்கிவிட்டது. என் முதல் வரிசை மேட்டின் விளிம்பைத் தொட்டபோது கடைசி வரிசை இன்னும் எதிர்க்கரையை விட்டுக் கிளம்பவில்லை. ஃபெரே ஏன் தோற்றார் என்று படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவரைவிட நன்றாகச் செய்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

தொடக்கம் எனக்குச் சாதகமாகவே அமைந்தது. வரலாற்றில் நடந்தபடியே, ஃபெரேயின் முதுகுப்புறம் எழுந்த நிலவு பாறைகளின் நிழலை நீளமாக வீழ்த்தியதால், பள்ளத்தின் அடி முழுக்க இருட்டு என்று நடுவர் அறிவித்தார். ஆற்றின் இரைச்சல் காலடி ஓசையை மறைத்தது. பாலத்துக் காவலர் இருவரையும் முதல் சுற்றிலேயே மடக்கிவிட்டேன். மேட்டை அடைந்ததும்தான் குழப்பம் தொடங்கியது. நடுவர் எதிரிப் பொம்மைகளை மேசையில் வைக்காமல், எங்கிருந்து சத்தம் வருகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வலப்புறம் பாறைகளுக்கிடையே ஆட்கள் நகர்வதாக அவர் சொன்னவுடன், அங்கே இன்னொரு கம்பெனி இருக்கிறது என்று முடிவு செய்து, என் சிறந்த முப்பது பொம்மைகளை அந்தப் பக்கம் திருப்பி இரண்டு சுற்றுகள் காத்திருந்தேன். அதற்குள் ஊர்ப்பக்கத்திலிருந்து பெக்வித் வந்துவிட்டார்.

ரைஃபிள் தரப்பில் ஆடியவர்:

எனக்கு முதலில் ஒரு மனக்குறை இருந்தது. பேக்கர் ரைஃபிள்தான் 95ஆம் பிரிவின் உயிர். குழலின் உட்புறம் ஏழு வரிப்பள்ளங்கள் கொண்ட அது, பிரெஞ்சுக்காரரின் மஸ்கட்டைவிட, அதாவது உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைவிட, நெடுந்தொலைவுக்குக் குறி தவறாமல் சுடும். அதற்கு விலையாக, குண்டைத் தோல்துண்டில் சுற்றி இறுகத் திணிக்க வேண்டியிருப்பதால், மஸ்கட்காரர் மூன்று முறை சுடும் நேரத்தில் ரைஃபிள்காரர் ஒரு முறையோ இரு முறையோதான் சுட முடியும். எங்கள் விதிமுறை தொலைவில் எனக்குக் கூடுதல் புள்ளியும் கைகலப்பில் குறைவான புள்ளியும் தருகிறது. நள்ளிரவில் தொலைவு என்பதே கிடையாது. ஆகவே கூடுதல் போய்விட்டது, குறைவு மட்டும் மிஞ்சியது.

ஆட்டத்துக்கு முன்பே இதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தோம். உண்மைச் சண்டைக்குப் பிறகு, 95ஆம் பிரிவு இடம்பெற்றிருந்த லைட் டிவிஷன் என்னும் பெரும்படைப்பிரிவின் தளபதி ராபர்ட் கிராஃபர்ட் வெளியிட்ட ஆணையையே நான் சான்றாக வைத்தேன். மற்ற நாட்டுப் படைகளில், மஸ்கட்டும் பயனெட்டும் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) ஏந்திய எதிரியை நெருங்கிப் பொருத ரைஃபிள் உதவாது என்று கருதப்படுவதையும், இந்த இரவு அக்கருத்தைப் பொய்யாக்கியதையும் அவர் அதில் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே கைகலப்புக் குறைவை நீக்க வேண்டும் என்றேன். நடுவர் பாதி வழி இறங்கி வந்தார்: தலைவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் அணிக்கு மட்டும் அந்தக் குறைவு இல்லை என்றார்.

அந்த ஒரு திருத்தம் ஆட்டம் முழுவதையும் மாற்றியது. என் காவல் அணியின் ஒன்பது பொம்மைகள் ஓ'ஹேரைச் சுற்றிச் சுருண்டு நின்று தாக்குப்பிடித்தன. அவரை விட்டுப் பிரிந்த லெப்டினன்ட் மெர்சரின் சிறு குழு ஒரே சுற்றில் அழிந்தது. உண்மையிலும் மெர்சர் அந்த இரவில் உயிரிழந்தார் என்பது நினைவுக்கு வந்தபோது, அந்தப் பொம்மையை மேசையிலிருந்து எடுக்க என் கை சற்றுத் தயங்கியது. பெக்வித்தை எந்தச் சுற்றில் கொண்டுவரலாம் என்பதைப் பகடைதான் தீர்மானித்தது. உறக்கத்திலிருந்து எழுந்து, அரைகுறை உடையில் தோற்பட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடிவந்த கம்பெனிகள் வரிசை சேர நேரமில்லை; வந்த வேகத்திலேயே மோத வேண்டியிருந்தது. வரிசை கட்டிக்கொண்டு வந்திருந்தால் இரண்டு சுற்றுகள் தாமதமாகியிருக்கும், ஓ'ஹேரும் மிஞ்சியிருக்க மாட்டார். உண்மைச் சண்டை சுமார் கால் மணி நேரத்தில் முடிந்து, பிரெஞ்சுப் படை சரிவின் விளிம்புக்கு அப்பால் தள்ளப்பட்டது என்று படித்தபோது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

நடுவராக இருந்தவர்:

பொம்மைகளை மறைத்து வைக்கும் முறை என் கண்டுபிடிப்பு அன்று. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் ஒழுங்குபடுத்திய கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் படைப்பயிற்சி விளையாட்டில், இரு தரப்புக்கும் நடுவே அமர்ந்திருக்கும் நடுவர், ஒருவர் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே அவருக்குக் காட்டுவார். இரவுச் சண்டைக்கு அதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மேலிருந்து மேசை முழுவதையும் பார்த்துவிட்டு, இருட்டுக்காகச் சில புள்ளிகளைக் கழித்துக்கொள்வதால் இருட்டு வந்துவிடாது.

பிரெஞ்சுத் தரப்பு நண்பருக்கு ஆட்டம் முடிந்த அன்றே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று உண்டு. வலப்புறப் பாறைகளுக்கிடையே நகர்ந்தவர்கள் ரைஃபிள்காரர்கள் அல்லர். நான்காவது சுற்றில், உங்கள் இரண்டாவது அணி வளைவுப் பாதையில் வழி தவறுகிறதா என்று பார்க்க நான் பகடை போட்டேன், தவறிவிட்டது. அதன் தலைவருக்கும் தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாதாகையால், உங்களிடமும் நான் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்கள் உங்களுடைய கிரெனடியர்களே. அவர்கள் மேலேறி வரட்டும் என்று நீங்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள். அவர்களோ, மேலே நிற்பவர்கள் பிரிட்டிஷார் என்று எண்ணி, ஏறாமல் பாறைக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தார்கள்.