புதுச்சேரிக் கடலோரத்தில் இருவர் தங்கிச் சமைத்துச் சாப்பிடச் சிறு வீடு எந்தப் பக்கம் எடுக்கலாம்?

ஈரோட்டுக்காரர்:
வரும் தை மாதத்தில் நானும் என் மனைவியும் புதுச்சேரியில் ஒரு வாரம் தங்க எண்ணியிருக்கிறோம். வேளைக்கு வேளை உணவகம் தேடி அலைவதில் இருவருக்கும் விருப்பமில்லை. காலையில் மீன் வாங்கி வந்து நாங்களே குழம்பு வைத்துச் சாப்பிடும்படி, சமையலறையோடு கூடிய சிறிய வீடு வேண்டும். கோட்டக்குப்பம், செரினிட்டி கடற்கரைப் பக்கம் பார்த்த சில வீடுகளின் படங்களில் வாசலிலேயே கடல் தெரிகிறது. அதை நம்பி முன்பணம் கட்டலாமா?

நெய்தல்வாசி:
வாசலில் கடல் இருக்கக்கூடும். மணல் இருக்கிறதா என்று கேளுங்கள். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணல் அங்கேயே தடைபட்டு, வடக்கே உள்ள கரைகளைக் கடல் அரித்துவிட்டது. அதனால் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பகுதியில் பல இடங்களில் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து அலையைப் பார்க்கலாமே தவிர, நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. மணல்தான் முக்கியம் என்றால் துறைமுகத்துக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினம் பக்கம் தேடுங்கள். தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற ஈடன் கடற்கரை அங்குதான் இருக்கிறது. எந்தப் பக்கம் தங்கினாலும் வாடகைக்கு ஓர் இருசக்கர வண்டி எடுத்துக்கொள்வது நல்லது.

அரைப்படி:
கடலை விடச் சமையலறையைப் பற்றித்தான் நான் அதிகம் விசாரிப்பேன். விளம்பரத்தில் "சமையலறை உண்டு" என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் தேநீர் போட ஒரு பாத்திரமும் மட்டும் இருக்கும். அந்த அடுப்பில் மண்சட்டி சூடேறாது என்பதால், மீன்குழம்பை நம்பிப் போகிறவர்கள் எரிவாயு அடுப்பு உள்ள வீட்டையே கேட்க வேண்டும். மிக்சி உண்டா, குடிநீர்க் கேனுக்கு யார் பொறுப்பு, மின்தடை வந்தால் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அசைவம் சமைக்க அனுமதி உண்டு என்று உரிமையாளரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சிலர் சாவி கொடுக்கும்போதுதான் அது கூடாது என்று சொல்கிறார்கள். மீனை வாங்கும் இடத்திலேயே நறுக்கி வாங்கிவிட்டால் செதிலும் குடலும் வீட்டுக் குப்பைக் கூடையில் நாறாது. தை மாதத்தில் மீனுக்குக் குறைவிருக்காது. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான். காய்கறிக்குக் குபேர் அங்காடி இருக்கிறது.

தென்றல்:
குழம்பு வைக்கப் போவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே! வீட்டில் செய்யும் வேலையையே உங்கள் மனைவி அங்கும் செய்ய வேண்டியிருந்தால் அவருக்கு அது விடுமுறையாகாது. ஒரு வேளை மட்டும் சமைத்து, காலை உணவை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கல் நெரிசல் அடங்கியபின், சனி, ஞாயிறு தவிர்த்த நாள்களில் போனால் வாடகையும் குறையும்.

ஈரோட்டுக்காரர்:
சமைக்கப் போவது நான்தான். அவருக்கு மீன் சாப்பிடுவதில் மட்டுமே நாட்டம். சின்ன வீராம்பட்டினம் பக்கம் எரிவாயு அடுப்போடு வீடு தேடுகிறேன். யாராவது அப்படி ஒன்றில் தங்கியிருந்தால், மண்சட்டி அங்கேயே கிடைக்குமா, ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டுமா என்று சொல்லுங்கள்.