கப்பலில் இணையம் இல்லாதபோது காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் பூட்டிக்கொள்வது ஏன்?

கடலோடி_3ஆம்_எஞ்சினியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் சரக்குக் கப்பலில் பணியாற்றுகிறேன். ஒருமுறை ஏறினால் ஆறு மாதம் கழித்துத்தான் இறங்குவேன். கப்பலில் உள்ள செயற்கைக்கோள் இணையம் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பப் போதுமானது. டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலை அதில் இணைக்க அனுமதி கிடையாது. ஆகவே சென்ற முறை புறப்படுவதற்கு முன்பு, செகண்ட் ஹேண்டில் ஒரு கன்சோல் வாங்கி, ஏற்கெனவே என் கணக்கில் இருந்த 11 விளையாட்டுகளையும் வீட்டு வைஃபையில் இறக்கி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே பெட்டியில் வைத்தேன். கப்பலில் முதல் ஞாயிற்றுக்கிழமை வாட்ச் (என் முறைப் பணி) முடிந்து வந்து போட்டால், 11 படங்களின் மேலும் ஒரு சிறு பூட்டு தொங்குகிறது. எதை அழுத்தினாலும் உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையுங்கள் என்ற ஒரே பதில்தான். மீதி மாதங்கள் முழுவதும் அது பென் டிரைவில் படம் பார்க்கும் பெட்டியாகவே கிடந்தது.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்று எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விதியை 2013லேயே கைவிட்டுவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். பிறகு எனக்கு ஏன் இப்படி ஆயிற்று? அடுத்த மாதம் மீண்டும் ஏற வேண்டும். டிஸ்க்காக வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதா?

பழைய_கார்ட்ரிட்ஜ்:

நண்பரே, டிஸ்க் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் ஒரு கேள்வி: இந்தக் கன்சோலுக்கு முன்பு உங்களிடம் வேறொரு கன்சோல் இருந்ததா? அது இப்போது எங்கே இருக்கிறது?

காரணத்தோடுதான் கேட்கிறேன். இறக்கிய விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பல ஜிபி எடையுள்ள விளையாட்டுக் கோப்பு. மற்றொன்று, அதைத் திறக்கும் உரிமம். அது மிகச் சிறியது, ஆனால் அதிகாரம் முழுவதும் அதனிடமே இருக்கிறது. உங்கள் கணக்குக்கு ஒரே ஒரு கன்சோலை மட்டும் சொந்த வீடாகப் பதிவு செய்து வைக்கலாம். எக்ஸ்பாக்ஸில் ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்றும், சோனியின் பிஎஸ்4இல் (ப்ளேஸ்டேஷன் 4) பிரைமரி என்றும் அதற்குப் பெயர். பிஎஸ்5இல் கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே என்ற நீண்ட பெயரில் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஒரு கன்சோலில் உரிமம் நிரந்தரமாகத் தங்கும், இணையம் தேவையில்லை. மற்ற கன்சோல்களிலும் நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்தால் விளையாட்டு ஓடும். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணக்குக்கு உரியவர் நீங்கள்தானா என்று சர்வரிடம் கேட்டுக்கொண்டுதான் ஓடும். வீட்டில் வைஃபை இருந்ததால் அந்த விசாரணை உங்கள் கண்ணில் படவில்லை. நீங்கள் திறந்து பார்த்தது சரி. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

கடலோடி_3ஆம்_எஞ்சினியர்:

இருந்தது, அண்ணா. பழைய கன்சோலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அவன் இன்றும் என் விளையாட்டுகளைத்தான் விளையாடுகிறான்!

பழைய_கார்ட்ரிட்ஜ்:

அப்படியானால் உங்கள் கணக்கின் வீடு தம்பியின் அறையில் இருக்கிறது. கப்பலுக்குப் போனது வாடகைக் குடித்தனம்.

மாலைநேர_வாசகன்:

2013 பற்றிக் கேட்டிருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு ஜூன் 6 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் ஒன் விதிகளின்படி, சொந்தக் கன்சோலாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையும், வேறொருவர் கன்சோலில் உங்கள் கணக்கில் நுழைந்து விளையாடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையும் இணையத்தில் தலைகாட்ட வேண்டும். தவறினால் படம் பார்க்கலாம், விளையாட முடியாது. டிஸ்க் வாங்கினாலும் இதே கதிதான். நண்பருக்குக் கொடுக்க வேண்டுமானால் அவர் உங்கள் நண்பர் பட்டியலில் 30 நாட்களாவது இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு விளையாட்டை ஒரே ஒரு முறைதான் கொடுக்க முடியும். வாங்கிய பொருளைக் கைமாற்ற இத்தனை நிபந்தனைகளா என்று உலகெங்கும் கொதித்தார்கள். நான்கு நாட்கள் கழித்து ஈ3 என்ற வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில் சோனி மேடையேறி, பிஎஸ்4இல் இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது என்று சொன்னபோது அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். அதன் விலை 399 டாலர், எக்ஸ்பாக்ஸின் விலை 499 டாலர் என்பதும் அந்தக் கைதட்டலில் கலந்திருந்தது.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக்கிடம் இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அவர்களுக்கென்றே எங்களிடம் முந்தைய மாடலான எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதாக ஒருவர் எழுதியதையும் அந்தப் பேச்சிலேயே குறிப்பிட்டு, அங்கே இணையம் கிடைப்பது கடினம்தான் என்றார். ஆக, கப்பல்காரர்களின் கஷ்டம் அவர்கள் காதுக்கு எட்டாமல் இல்லை. ஜூன் 19 அன்று விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஜூலை 1 அன்று மேட்ரிக் ஸிங்கா என்ற விளையாட்டு நிறுவனத்துக்குப் போவதாக அறிவிப்பு வந்தது.

ஆனால் அன்று கைவிடப்பட்டது நாள்தோறும் நடக்கும் சோதனை மட்டுமே. பதிவிறக்கிய விளையாட்டின் உரிமம் சர்வரின் கையில் இருப்பது அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. அப்போதைய விற்பனையில் பெரும்பங்கு டிஸ்க் என்பதால் அது யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது நாம் வாங்குவதே பதிவிறக்கம் என்பதால் உறைக்கிறது. என்னைக் கேட்டால், 2013இன் வெற்றியை நாம் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டாடிவிட்டோம். குடும்பத்தில் பத்துப் பேர் வரை ஒரே விளையாட்டு நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்த நல்ல வசதியும் அந்த எதிர்ப்போடு சேர்ந்து போயிற்று.

சில்லுக்_கொல்லன்:

டிஸ்க் வாங்கினால் தொல்லை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல நான் தயாரில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்கை முதல் முறை நிறுவ இணையம் கேட்டுக்கொண்டிருந்தது. 2022இல்தான் அதை எடுத்தார்கள். பிஎஸ்5இல் தனியாக மாட்டும் டிஸ்க் டிரைவ் வாங்கினால், அதைக் கன்சோலோடு ஜோடி சேர்க்க ஒருமுறையாவது இணையம் வேண்டும். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டில் விளையாட்டே இருக்காது, சாவி மட்டுமே இருக்கும். கரையிலேயே இறக்கி ஒருமுறை திறந்துவிட்டு, பிறகு கார்டைச் செருகித்தான் விளையாட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மதர்போர்டில் நேரத்தைக் காத்து வைக்கும் பட்டன் பேட்டரி ஒன்று இருக்கும். பிஎஸ்4இல் அது கடைகளில் கிடைக்கும் சிஆர்2032தான். 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டுக்கு முந்தைய பிஎஸ்4இல் அந்தப் பேட்டரி செத்து, இணையமும் இல்லாமல் போனால், டிஸ்க் விளையாட்டுகூட ஓடாது. விளையாட்டில் பரிசாகக் கிடைக்கும் டிராஃபியைப் பெற்ற நேரத்தைக் கன்சோல் நம்ப மறுப்பதுதான் காரணம். கடிகாரத்தால் வந்த வினை இது மட்டுமல்ல. 2010 மார்ச் 1 அன்று பழைய தடித்த பிஎஸ்3கள் அந்த ஆண்டை லீப் ஆண்டு என்று எண்ணிக் குழம்பி, ஒரு நாள் முழுவதும் முரண்டு பிடித்தன. நீங்கள் வாங்கியது செகண்ட் ஹேண்ட் என்பதால் அப்டேட்டையும் பேட்டரியையும் கரையிலேயே பார்த்துவிடுங்கள். சந்தாவில் கிடைத்த விளையாட்டுகளை நம்பிப் போகாதீர்கள். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று அவை அவ்வப்போது கேட்கும்.

கடலோடி_3ஆம்_எஞ்சினியர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு வீட்டுப் பதிவைத் தம்பியின் கன்சோலிலிருந்து என்னுடையதற்கு மாற்றினேன். பிறகு ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கன்சோலையும் முழுவதுமாக அணைத்துப் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்தேன். 9 திறந்தன. பூட்டோடு நின்ற இரண்டும் நான் வாங்கியவையே அல்ல, சந்தாவில் வந்தவை என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. பேட்டரியை மாற்ற நாளை கடைக்குப் போகிறேன்.

காலையில் தம்பி போன் செய்தான். அவன் கன்சோலில் எல்லா விளையாட்டின் மேலும் பூட்டு விழுந்திருக்கிறதாம்.